கூரைப் பாலத்துக்கு நோட்டு, திருப்பதிக்கு செல்ஃபியா?

அக்டோபர் வந்தால் இங்கே நம்ம குடும்பங்கள் ஒரு காரியம் செய்கின்றன. சனிக்கிழமை காலையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை வண்டியில் ஏற்றி, லாங்கஸ்டர் பக்கம் ஏதாவது ஒரு கூரைப் பாலத்துக்குப் போகிறார்கள். மடக்கு நாற்காலி, கறுப்பு மைப் பேனா, சின்ன டப்பாவில் வாட்டர் கலர், கெட்டித் தாள் தைத்த நோட்டு. முதலில் மையில் கோடு, அது காய்ந்த பிறகு வண்ணம் என்று ஓவிய டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் வரைகிறார்கள். அப்பாக்கள் அதைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அதே குடும்பம் ஜூலையில் ஊருக்குப் போகிறது. சென்னையில் இறங்கின மூணாவது நாளே வேன் பிடித்துத் திருப்பதி. முந்நூறு ரூபாய் டிக்கெட், தரிசனம், லட்டு. திரும்பும் வழியில் காணிப்பாக்கம், சித்தூரில் ஒரு காபி, வேலூர் பொற்கோயில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு செல்ஃபி. நோட்டும் பேனாவும் எங்கே என்று கேட்டால், "ஊருக்குப் போறப்போ அதெல்லாம் எதுக்குங்க?" என்று பதில் வருகிறது.

அந்த "எதுக்குங்க" தான் இந்தப் பதிவுக்குக் காரணம். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூரைப் பாலம். எனக்குச் சோறு போடுவது பாலம்தான். பாலங்களைச் சோதித்து அறிக்கை எழுதுகிற வேலை. அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அந்தக் கூரை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று போட்டதில்லை. மரப் பாலம் மழையில் நனைந்தால் பத்து இருபது வருடத்தில் உளுத்துப் போகும். கூரையும் பக்கப் பலகையும் போட்டால் நூறு வருடம் தாண்டி நிற்கும். பிலடெல்பியாவில் 1805-ல் திறந்த பாலத்துக்குத் திமோத்தி பாமர் என்ற தச்சர் கட்டிய மரச் சட்டத்தை மூடச் சொன்னவர் ரிச்சர்ட் பீட்டர்ஸ் என்ற நீதிபதி. அதைப் பார்த்து நாடு முழுவதும் கூரை ஏறியது. பிறகு இரும்பு வந்தது, கான்கிரீட் வந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தவை போய், இன்று அமெரிக்கா முழுதும் சில நூறுதான் மிச்சம். பென்சில்வேனியாவில் மட்டும் 200-க்கும் மேல் இருக்கின்றன, வேறெந்த மாநிலத்தையும் விட அதிகம்.

மிச்சம் இருப்பவை எப்படித் தப்பின? காசால்தான் என்பார்கள். 1998-ல் மத்திய அரசு இவற்றுக்கென்று தனித் திட்டமே போட்டது, உண்மை. ஆனால் அந்தக் காசைக் கேட்டது யார்? இந்தியானாவில் பார்க் கவுண்டி என்று ஒரு விவசாய மாவட்டம், 31 கூரைப் பாலங்கள். 1957-லிருந்து வருடா வருடம் அக்டோபரில் அந்தப் பாலங்களுக்குத் திருவிழா எடுக்கிறார்கள், நாம் ஆடிக்கு எடுப்பதுபோல. அதற்கும் முன்னால், 1933-ல், பெரும் பொருளாதார மந்தத்தில் வேலை போன கட்டடக் கலைஞர்களைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுத்து, பழைய கட்டடங்களை அளந்து வரையச் சொன்னது இந்த நாட்டு அரசு. அந்தத் திட்டம் இன்னும் ஓடுகிறது. சோற்றுக்கே பஞ்சமான வருடத்தில், பழைய கட்டடத்தை வரைவதும் ஒரு வேலைதான் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

2011 ஆகஸ்ட் 28. ஐரீன் புயல் வெள்ளத்தில் வெர்மான்ட் மாநிலத்தின் பார்ட்டன்ஸ்வில் பாலம் அப்படியே ஆற்றில் சாய்ந்து போனது. 1870-ல் கட்டிய பாலம். அதைப் படம் பிடித்த அம்மாளின் வீடியோவை உலகமே பார்த்தது. சின்ன ஊர். "கான்கிரீட்டில் ஒண்ணு போட்டுட்டுப் போவோம்" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்லவில்லை. நன்கொடை திரட்டி, அதே குறுக்குச் சட்டம் பின்னிய மரப் பாலத்தை, அதே கூரையோடு, 2013 ஜனவரியில் திறந்தார்கள்.

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

திருமலைக் கோவிலின் முன்னால் ஆயிரங்கால் மண்டபம் ஒன்று இருந்தது. சாளுவர் காலத்தது, 15-ஆம் நூற்றாண்டு. எண்பதுகளில் மொட்டை போட்டுக்கொண்டு போன பிள்ளைகள் அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடி விளையாடியிருப்பார்கள். இன்று நாற்பது வயது தாண்டிய உங்களில் பலரும் அதில் அடக்கம். 2003-ல் அதை இடித்தார்கள். கூட்ட நெரிசல், மாட வீதியை விரிவாக்க வேண்டும், மாஸ்டர் பிளான் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எதிர்த்தவர்கள் வழக்கு போட்டார்கள். மறுபடி கட்டுவோம் என்ற பேச்சு வந்து வந்து போனது. நெரிசல் பொய்க் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தினம் அறுபது எழுபதாயிரம் பேர் வருகிற இடம். என் கேள்வி வேறு. ஐந்நூறு வருட மண்டபம் போனதற்கு, வருடம் தவறாமல் அங்கே போய்வரும் நம்மில் எத்தனை பேர் ஒரு வேளை வருத்தப்பட்டோம்? எத்தனை பேருக்கு அது போனதே தெரியும்?

தெரியாது. ஏனென்றால் நாம் அதைப் பார்க்கவே இல்லை. வரிசை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தோம், லட்டு கவுண்டர் எங்கே என்று பார்த்தோம். தூணில் இருந்த யாளி நம் கண்ணில் விழவில்லை.

2010 மே 26, ராத்திரி. திருப்பதிக்குப் பக்கத்திலேயே ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம் பொலபொலவென்று சரிந்தது. கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய கோபுரம். விரிசல் ஒரே ராத்திரியில் வந்ததில்லை. கட்டடத்தில் விரிசல் என்பது நிதானமாக, வருடக் கணக்கில் பேசுகிற விஷயம், கடைசியில்தான் கத்தும். புதுக் கோபுரம் எழும்பி 2017-ல் குடமுழுக்கும் ஆகிவிட்டது, நல்லது. ஆனால் பழைய கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த குடும்பப் படங்களைத் தேடிப் பாருங்கள். எல்லாவற்றிலும் நம் மூஞ்சிதான் இருக்கும். பின்னால் மங்கலாக இரண்டு நிலை, மேலே வெட்டுப்பட்டிருக்கும்.

2023-லும் ஒரு சர்ச்சை. திருமலையில் கனுவுக்குச் சாமி வேட்டைக்குப் போய் இறங்கும் பார்வேட்டை மண்டபத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பழுதாகிவிட்டது, அதே அமைப்பில்தான் கட்டினோம் என்றது தேவஸ்தானம். பழுது பார்த்திருக்கலாமே என்று கேட்டவர்கள் கேட்டார்கள். அதே அமைப்பா இல்லையா என்று பக்தர்களில் யார் சொல்ல முடியும்? பழையதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவன்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் பேனாவும் வாட்டர் கலரும் வருகின்றன.

"போட்டோ எடுத்தா போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார், தமிழ்ப் பள்ளி வாசலில். அருமையான கேமரா வைத்திருக்கிறார். போதாது சாமி. என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலத்தைச் சோதிக்கப் போகும்போது நூறு நூற்றைம்பது போட்டோ எடுக்கிறோம். ஆனாலும் விரிசல் எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்பதை அங்கேயே நின்று கையால் படம் போட்டு, அளவு எழுதி, தேதி போட்டுக்கொண்டு வருகிறோம். ஆளில்லா விமானமும் லேசர் கருவியும் வந்த பிறகும் இதை யாரும் விடவில்லை. கை போகிற இடத்துக்குக் கண்ணும் போயாக வேண்டும் என்பதுதான் காரணம். கேமரா பொத்தானை அமுக்குகிற நேரத்தில் மனசு வேறெங்கோ இருக்கலாம். கோடு இழுக்கும்போது அது முடியாது. தூணின் பட்டை சதுரமாக ஆரம்பித்து எட்டுப் பட்டையாக மாறி மறுபடி சதுரமாகிறது என்பது, அதை வரைந்து மூன்று தடவை தப்பாக வந்த பிறகுதான் பத்து வயசுப் பையனுக்குத் தெரியும். அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்காது.

அதிலும் மை. பென்சில் என்றால் அழித்துக்கொள்ளலாம், அதனால் கண் சோம்பேறியாகிவிடும். மைக்கோடு விழுந்தது விழுந்ததுதான். போடுவதற்கு முன்னால் பார்த்தே ஆகணும்.

சரி, அது என்ன, வெள்ளைக்காரன் பழக்கத்தைப் போய் திருப்பதியில் செய்வதா என்று இன்னொரு கூட்டம் கிளம்பும். "மையும் வாட்டர் கலரும் நம்ம கலாசாரமா?" இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உலகத்திலேயே பொருத்தமில்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தச் சித்தூர்ச் சீமைதான். கோபுரம் விழுந்ததே, அதே ஸ்ரீகாளஹஸ்தியில் தலைமுறை தலைமுறையாக என்ன செய்துவருகிறார்கள்? கலம்காரி. கலம் என்றால் பேனா. மூங்கில் குச்சியைச் சீவி, நுனிக்கு மேலே துணியைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, அதை மையில் தோய்த்து எடுத்து, விரலால் லேசாக அமுக்கிக் கோடு இழுக்கிறார்கள். முதலில் புளியங்குச்சிக் கரியில் மெல்லிய வரைவு, அதன்மேல் கறுப்பு மைக்கோடு, அப்புறம்தான் வண்ணம். டீச்சர் சொல்லிக் கொடுத்த அதே வரிசை!

அந்த மை இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு நாள் கணக்கில் புளிக்க விடுவார்கள். பார்ப்பதற்கு அழுக்குத் தண்ணீர். துணியை முன்பே கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் ஊறவைத்துக் காயப் போட்டிருப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் துணிமேல் சந்திக்கிற நிமிடத்தில் கோடு கறுக்கிறது. பாலின் கொழுப்பு மையைக் கசியாமல் பிடித்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதப் பயன்பட்ட மையும் இதே ரசாயனம்தான். அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தின் காய்ப்பு. இந்தக் கலை நலிந்து கிடந்தபோது கமலாதேவி சட்டோபாத்யாய முயற்சியில் ஐம்பதுகளின் இறுதியில் அங்கே அரசுப் பயிற்சி மையம் வந்தது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்ம ஆட்கள் என்ன செய்கிறோம்? ராகு கேது பரிகாரம் முடித்துவிட்டு, கடையில் பிரிண்ட் போட்ட கலம்காரி துப்பட்டா இரண்டு வாங்கி, இங்கே வந்து "ஹேண்ட் பெயின்டட்" என்று பரிசு கொடுக்கிறோம். பேரம் வேறு. ஹும்.

தமிழில் ஆதாரம் வேண்டுமா? சில்பி. நாமக்கல்லில் 1919-ல் பிறந்த பி.எம். சீனிவாசன். சில்பி என்ற பெயர் மாலி வைத்தது. நாற்பதுகளின் இறுதியில் தொடங்கி ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வந்தபோது, ஊர் ஊராகப் போய், கோவில் கோவிலாக உட்கார்ந்து, சிலையையும் தூணையும் கோபுரத்தையும் கோட்டில் கொண்டுவந்த மனுஷன். மின்விளக்கு சரியாக இல்லாத பிராகாரத்தில், வெறும் கண்ணை நம்பி. உங்கள் பாட்டி வீட்டில் அந்தப் பக்கங்களை வெட்டி பைண்ட் பண்ணி வைத்திருப்பார்கள், போனால் கேட்டுப் பாருங்கள். லட்சக்கணக்கான தமிழர்கள் சிற்பத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த வாராந்தரிப் பக்கத்தில்தான் என்பது என் கட்சி. அப்போதும் கேமரா இருந்தது. விகடனால் ஒரு போட்டோகிராபரை அனுப்பியிருக்க முடியாதா என்ன?

திருமலையும் பதிவு செய்வதற்கு விரோதியாக எப்போதும் இருந்துவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மலைக் கோவில் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். வேங்கடம் தமிழுக்கு வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொன்னதை மேடையில் முழங்குகிறோமே, அதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. 1930களில் சாது சுப்ரமண்ய சாஸ்திரி போன்றவர்கள் அவற்றைப் படித்துத் தொகுக்க, தேவஸ்தானமே தொகுதி தொகுதியாக அச்சிட்டது. எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தது. எழுத்தில்லாத மண்டபத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இனி கூரைப் பாலத்தையும் திருப்பதியையும் ஏன் ஒரே மூச்சில் பேசுகிறேன் என்று சொல்கிறேன். அலிபிரியிலிருந்து படியேறுகிறீர்கள். 3,550 படி. வழியெல்லாம் கூரை, 2021-ல் புதுப்பித்தார்கள். நடுநடுவே பழைய கல் மண்டபங்கள். காளி கோபுரம் தாண்டி, முழங்கால் முறிச்சான் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம். ஏதாவது ஒரு மண்டபத்தின் வாசலில் நின்று உள்ளே பாருங்கள். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள் சின்னதாகிக்கொண்டே போகும். நடுவில் இருட்டு. மறுகோடியில் சதுரமாக ஒரு துண்டு வெளிச்சம். அதில் ஏதோ ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு போவார். இதுதான் ஐயா லாங்கஸ்டரில் உங்கள் பிள்ளை வரைந்த படம்! அதே இருட்டு வாய், அதே மறுகோடி வெளிச்சம். அங்கே குறுக்குமறுக்கு மரச் சட்டம், இங்கே கல் தூண். அங்கே ஆற்றைக் கடக்க, இங்கே மலையைக் கடக்க. டீச்சர் என்ன சொன்னார்? மறுகோடி வெளிச்சத்துக்குத் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடு, இருட்டை இரண்டு மூன்று கோட்டாக ஏற்று, கறுப்பு வண்ணத்தை டப்பாவிலிருந்து எடுக்காதே, நீலத்தையும் பழுப்பையும் கலந்துகொள். எல்லாம் இங்கேயும் செல்லும். ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

சில வித்தியாசங்களும் உண்டு. பென்சில்வேனியா அக்டோபரில் வண்ணம் காயவே காயாது. பிள்ளைகள் பொறுமையிழந்து ஊதிக்கொண்டிருப்பார்கள். திருப்பதி ஜூலையில் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும், கோடு கோடாக விளிம்பு விழும். தாளை முதலில் நனைத்துக்கொண்டு, பெரிய தூரிகையால், சின்னச் சின்னப் பகுதியாகப் போட வேண்டும். தண்ணீரில் கரையாத மைதானா என்று வீட்டிலேயே சோதித்துவிட்டுப் போங்கள். மலையின் நிறத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். திருமலைச் சாலையில் ஓர் இடத்தில் பாறை இரண்டாகப் பிரிந்து தெரியும். கீழே பழைய கருங்கல், மேலே சிவப்போடிய படிவப்பாறை. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எண்பது கோடி வருட இடைவெளி என்கிறார்கள் புவியியலாளர்கள். தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் அது. வேனில் அந்த வளைவில் எல்லோரும் வாந்தி வராமல் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருப்போம்! மேலே போனால் சிலாதோரணம், எட்டு மீட்டர் அகலத்துக்கு இயற்கையே வளைத்து வைத்த கல் வளைவு. கூரையில்லாத பாலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"கூட்டத்துல உக்கார விடுவாங்களா, வெயிலுக்குப் பசங்க தாங்குமா, செக்யூரிட்டி திட்டுவான்." நியாயமான கவலைகள், ஆனால் சாக்குகளும்கூட. கோவிலுக்குள் நோட்டை நீட்டச் சொல்லவில்லை. கேமராவும் போனும் உள்ளே கூடாது, அந்த விதியை மதியுங்கள். வெளியே இருக்கிற கல்லே ஒரு ஆயுசுக்குப் போதும். நடைபாதையில் 2023 ஆகஸ்டில் ஒரு சின்னப் பெண்ணைச் சிறுத்தை கொன்ற பிறகு குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். போகும் முன் இப்போதைய விதியை விசாரித்துக்கொள்ளுங்கள், காலையிலேயே ஏறுங்கள், கூட்டத்தோடு இருங்கள். அதற்கும் பயமாக இருந்தால் கீழேயே கோவிந்தராஜர் கோபுரம் இருக்கிறது. எதிரே ஏதாவது ஒரு டிபன் கடையில் காபி சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

எல்லாவற்றையும்விட என் சிபாரிசு சந்திரகிரி. திருப்பதியிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். சித்தூர் போகிற வழி. விஜயநகர அரசு கடைசிக் காலத்தில் ஒண்டியிருந்த கோட்டை. 1639-ல் சென்னைப்பட்டினம் கம்பெனிக்குப் போன கதையோடு இந்த ஊர்ப் பேரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜ மகால் மூன்று நிலை. பின்னால் பாறைக் குன்று, முன்னால் புல்வெளி, மேலே கோபுரம் மாதிரிச் சின்னச் சின்னச் சிகரங்கள், வரிசையாக வளைவுகள். தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது, கூட்டமும் அவ்வளவு இருக்காது. வளைவுகளை வரைய பார்ட்டன்ஸ்வில்லுக்கா போக வேண்டும்? 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பிறகு சித்தூர் பக்கத்தை நம்ம வேன்கள் இன்னும் வேகமாகக் கடக்கின்றன என்று தோன்றுகிறது. கொஞ்சம் பிரேக் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, யாரும் வெளியே சொல்லாதது. இங்கே கூரைப் பாலம் வரைந்தால் அது பிள்ளையின் போர்ட்ஃபோலியோவில் ஏறும், கலைப் போட்டிக்குப் போகும், கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி ஆகும். சந்திரகிரியை வரைந்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காதுதான். பிள்ளைக்குச் சந்திரகிரி கிடைக்கும், அது ஒரு வரவு என்று தோன்றாதவர்களிடம் நான் என்ன பேச? ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். வருஷம் பூரா தமிழ்ப் பள்ளி, பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம் என்று சனி ஞாயிறெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைகிறோம், வேர் வேர் என்று. அந்த வேர் கல்லாக, கண்ணெதிரே, தொட்டால் சுடுகிற மாதிரி நிற்கும்போது, "சீக்கிரம் வா, வண்டி கிளம்புது" என்று கையைப் பிடித்து இழுக்கிறோம். அப்புறம் அந்தப் பிள்ளை பெரியவனாகி ஒரு மண்டபத்தை இடிக்கிறார்கள் என்று செய்தி வந்தால், அவன் ஏன் நிமிர்ந்து பார்க்கப் போகிறான்? வெர்மான்ட்டுக்காரன் பிள்ளைக்கு அவன் பாலத்தின் ஒவ்வொரு சட்டமும் தெரியும். அதனால்தான் அது ஆற்றோடு போனபோது ஊரே உண்டியலோடு கிளம்பியது.

ஒரு நாள் போதும். திருப்பதிப் பயணத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம். அந்த நேரத்துக்குப் பெரியவர்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தால் பிள்ளை எழுந்துவிடும். தாத்தா பாட்டியையும் உட்கார வையுங்கள். கோலம் போட்ட கைக்குத் தூணின் புள்ளியும் வளைவும் நம்மைவிடச் சுலபமாக வரும். நோட்டு பெரிதாக வேண்டாம், கைப்பையில் அடங்குகிற அளவு. தண்ணீர் பாட்டில் மூடியே வண்ணம் கலக்கப் போதும். தொப்பி கட்டாயம். வரைந்து முடித்ததும் ஓரத்தில் எந்தப் பக்கம் பார்த்து வரைந்தது, எத்தனை தூண், எங்கே விரிசல் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

இந்த ஜூலையில் யாராவது வரைந்துகொண்டு வந்தால் ஸ்கேன் பண்ணி எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன். கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. தேதியை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.